மாலையில் மணத்துக்கு ஓர் இடம்

தலையில் பூ வைத்துக்கொண்டவள் அந்தப் பூவைப் பார்ப்பதில்லை. புறப்படும்போது கண்ணாடி முன்னால் ஒருதரம் கழுத்தைத் திருப்பிப் பார்ப்பாள், அவ்வளவுதான். பிறகு அதன் வெண்மையும் வளைவும் பின்னால் நடந்து வருகிறவர்களுக்குச் சொந்தம். அவளுக்கு வாசனை மட்டும். கழுத்து மாலையின் கணக்கு வேறு. போட்டிருப்பவரின் மூக்குக்கு ஒரு சாண் கீழே அது கிடக்கிறது. மண்டபத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கோ தூரத்தில் வெறும் நிறமாகத் தெரிகிறது. யாருக்கு நிறம் போய்ச் சேர வேண்டும், யாருக்கு மணம் போய்ச் சேர வேண்டும் என்று தீர்மானிப்பதுதான் மாலை கட்டும் வேலை. பூவை நாரில் முடிவது அதற்கு அப்புறம் வருகிற கைப்பழக்கம்.

மதுரையில் கல்யாண மாலையும் சடை அலங்காரமும் கட்டிக் கொடுப்பது என் தொழில். அத்தையிடம் கற்றேன். கடையில் உட்கார்ந்ததும் அவர் என் கையில் கொடுத்தது மல்லிகை அல்ல, கதம்பத்துக்கான பூக்கள். “மல்லிய யாரு வேணா கட்டலாம்டி. கதம்பம் கட்டிப் பழகு, அப்பத்தான் பூ என்னன்னு தெரியும்” என்பார். இன்று என்னிடம் வேலை கற்க வரும் பெண்களுக்கும் நான் கதம்பத்திலிருந்துதான் தொடங்குகிறேன்.

கதம்பத்தை உற்றுப் பாருங்கள். மல்லிகைக்கு மணம் உண்டு. நிறம் என்று பார்த்தால் வெள்ளை ஒன்றுதான். கனகாம்பரத்துக்குக் கண்ணை இழுக்கிற காவி ஆரஞ்சு நிறம் உண்டு, மணம் கிடையாது. மரிக்கொழுந்தில் பூ என்று சொல்ல எதுவும் தெரியாது, சாம்பல் படிந்த பச்சைத் தழைதான். அசைந்தால், கசங்கினால், அதன் வாசனை எழும். ஒன்றில் இல்லாதது இன்னொன்றில் இருக்கிறது. மூன்றையும் ஒரே நாரில் சேர்த்தவர்கள் நிறத்தை மட்டும் யோசித்துச் சேர்க்கவில்லை. ஒரே வாசனையைத் தொடர்ந்து முகர்ந்தால் சில நிமிடங்களில் மூக்கு அதை விட்டுவிடும். வாசலில் நுழைகிறவருக்குத் தூக்கலாக அடிக்கும் சாம்பிராணி, உள்ளே இருப்பவருக்குத் தெரியாமல் போவது இதனால்தான். மல்லிகைக்குப் பக்கத்தில் மரிக்கொழுந்து வந்தால் மூக்கு மறுபடி விழித்துக்கொள்கிறது. நடுவில் வரும் கனகாம்பரம் மூக்குக்கு ஓய்வு, கண்ணுக்கு வேலை.

அத்தை மரிக்கொழுந்தை எப்போதும் சரத்தின் உட்பக்கமாக, பின்னல் உரசுகிற பக்கமாகத் தள்ளிக் கட்டுவார். வெளியே நுனிப் பச்சை மட்டும் எட்டிப் பார்க்கும். நடக்கிறபோது சடை ஆடும், தழை கொஞ்சம் கொஞ்சமாகக் கசங்கும், மணம் விட்டு விட்டு வரும். வெளிப்பக்கம் கட்டினால் பார்வைக்குப் பச்சை தாராளமாக இருக்கும், ஆனால் காற்றில் காய்ந்து போகுமே தவிர யாருக்கும் மணக்காது. வடிவத்தையும் மணத்தையும் சேர்த்து யோசிப்பது என்றால் என்ன என்று நான் புரிந்துகொண்ட இடம் அந்த ஒரு தழையின் இடம்தான்.

மல்லிகைக்கு வருகிறேன். மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தடித்த இதழும் நீண்ட காம்பும் அதன் அடையாளம். காம்பு நீளமாக இருப்பதால் நார் பிடிக்க இடம் கிடைக்கிறது, இதழ் தடிப்பாக இருப்பதால் கை பட்டவுடன் கன்றிப்போவதில்லை. ஆனால் மல்லிகையின் அழகும் மணமும் ஒரே நேரத்தில் வருவதில்லை. விடியலுக்கு முன் பறித்து மாட்டுத்தாவணி சந்தைக்கு வருகிற மொட்டு, பார்க்க முத்து. முகர்ந்தால் பச்சை வாடை லேசாக இருக்கும், வேறொன்றும் இருக்காது. சாயங்காலம் அது விரியும்போதுதான் வாசனை கிளம்பும். லினலூல் போன்ற மணப்பொருள்கள் மொட்டுக்குள் சர்க்கரையோடு பிணைந்து மணமில்லாமல் இருக்கின்றன, மலர்கிற வேளையில் நொதிகள் அந்தப் பிணைப்பை அறுக்கின்றன என்று வேதியியல் சொல்கிறது. சீனாவில் ஃபுஜோ பக்கத்தில் மல்லிகைத் தேநீர் செய்பவர்களும் இந்த நேரத்தைப் பிடித்துத்தான் தொழில் செய்கிறார்கள். பகலில் பறித்த மொட்டை இரவில் தேயிலையோடு கலந்து வைத்து, அது விரிகிறபோது விடும் வாசனையைத் தேயிலை வாங்கிக்கொள்ள விடுகிறார்கள்.

விரிந்த பிறகும் மணம் ஒரே மாதிரி இருப்பதில்லை. முதலில் இனிப்பு, பழ வாசம். நேரம் போகப் போக அடியில் ஒரு கனத்த வாடை கூடும். இண்டோல் என்கிற பொருள் அதற்கு ஒரு காரணம். அளவோடு இருந்தால் அதுதான் மல்லிகைக்கு ஆழம். மிஞ்சினால் தலையைக் கனக்க வைக்கும். அந்த நேரம் இதழ் ஓரம் பழுப்பாகத் தொடங்கியிருக்கும். கண்ணும் மூக்கும் சேர்ந்தே அந்தப் பூவைக் கைவிடும்.

இது தெரியாமல் முகூர்த்த மாலையைத் திட்டமிட முடியாது. பெண்ணும் மாப்பிள்ளையும் மாலை மாற்றுவது பெரும்பாலும் விடிகாலையில் அல்லது முன்காலையில். அன்று விடியலுக்கு முன் பறித்த மொட்டைக் கட்டினால் வெண்மை பளிச்சென்று இருக்கும், மணம் இருக்காது. முந்தின நாள் மொட்டு என்றால் இரவே விரிந்து, காலையில் மணம் முற்றி, இதழ் தளர்ந்திருக்கும். பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து விரிவதைத் தள்ளிப்போடலாம். அதிலும் ஓர் எல்லை உண்டு, ரொம்பக் குளிர்ந்த மொட்டு வெளியே எடுத்த பின் விரியாமலே வாடிவிடும். ஆகவே காலை முகூர்த்தத்துக்கு நான் மல்லிகையை நிறத்துக்காக மட்டும் வைக்கிறேன். மணத்தைப் பன்னீர் ரோஜாவிடமும் துளசியிடமும் மரிக்கொழுந்திடமும் ஒப்படைக்கிறேன். சாயங்கால வரவேற்பு என்றால் முழுப் பொறுப்பையும் மல்லிகையே எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவேன். மொட்டாகப் போட்ட மாலை மேடையிலேயே விரிந்து, விருந்து முடிகிறபோது மணந்துகொண்டிருக்கும். வீட்டுக்காரர்கள் மாலை ஆர்டர் கொடுக்கும்போது நான் முதலில் கேட்பது, “எத்தன மணிக்குங்க போடப் போறாங்க?” என்பதைத்தான். புடவை நிறம் அப்புறம்.

அடுத்த கணக்கு உயரம். மாலை தொங்குகிற உடம்பு சூடானது. நெஞ்சுச் சூட்டில் மணம் மேலே எழும்பி நேராக மூக்குக்கு வரும். மாலையின் கீழ்க்குஞ்சத்தில் வைத்த பூவும் போட்டிருப்பவருக்கு மணக்கும், ஆனால் தணிந்து, கலந்து மணக்கும். தோளில், கழுத்தை ஒட்டி வைத்தது நேராக அடிக்கும். சம்பங்கியை முழுக்க முழுக்க வைத்து, அகலமாக, நெருக்கமாகக் கட்டிய மாலையை மணமேடை ஹோமப் புகையோடு சேர்த்துக் கழுத்தில் சுமக்கும் பெண்ணின் முகத்தைப் பாருங்கள். அவள் சிரிப்பது புகைப்படக்காரருக்காக. சம்பங்கியும் இரவில் மணம் கூடும் பூ, அடர்ந்த வாசனை. அதை நான் வயிற்றுக்குக் கீழே, குஞ்சத்துக்குக் கொண்டுபோய்விடுவேன். தோள் பக்கம் ரோஜா இதழ் அடுக்கு. இடையில் மணமில்லாத வெள்ளை அரளி மொட்டு. கழுத்தின் பின்புறம், தோல் படுகிற இடத்தில், துளசியோ மரிக்கொழுந்தோ ஒரு விரல் அகலம். பின்கழுத்து வியர்க்கும்போது தழை குளிர்ச்சியாக இருக்கும், மணமும் முகத்தில் மோதாமல் பக்கவாட்டில் சுற்றி வரும். எதிரே இருப்பவர் கண்ணுக்கு இந்த அடுக்கு மேலே சிவப்பு, நடுவில் வெள்ளை, கீழே தடித்த வெண்குஞ்சம் என்று ஓர் ஒழுங்கான கோலமாகத் தெரியும். அந்தக் கோலத்தை வரைந்தது மூக்கு.

நெருக்கமாகக் கட்டுவது பற்றியும் சொல்ல வேண்டும். இன்று மாலை என்றால் தடிமன். தடிமன் இருந்தால்தான் கௌரவம் என்று ஆகிவிட்டது. பறித்த பூவும் மூச்சு விடுகிறது, சூடு விடுகிறது. சந்தையில் குவித்து வைத்த பூக்குவியலுக்குள் கையை விட்டால் உள்ளே வெதுவெதுப்பு தெரியும். அதே போல இறுக்கிக் கட்டிய மாலைக்குள் காற்றுப் போகாமல் நடுப்பூ புழுங்கும். வெளிப்பூ பார்க்கப் புதிதாக இருக்கும்போதே உள்ளிருந்து புளித்த வாடை வரும். இழை இழையாக, நடுவில் காற்று போக விட்டுக் கட்டிய மாலை படத்தில் கொஞ்சம் மெலிந்து தெரியும். ஆனால் கடைசி நிமிடம் வரை மணக்கும். வாழைநாரை நனைத்துக் கட்டுவதும் இதற்காகத்தான். நூல் காம்பை அறுக்கும், நார் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு காம்பைத் தாங்கும். மணம் குறித்த முடிவுகளில் பாதி முடிச்சு போடும் விரலில் எடுக்கப்படுகின்றன.

சாமி மாலை இதிலிருந்து வேறு உலகம். சாமிக்குப் போகும் பூவை முகரக் கூடாது என்பது எங்கள் வீட்டிலும் கண்டிப்பான வழக்கம். அதனால் கோயில் மாலை கட்டுகிறவர் மணத்தைச் சோதிக்காமலே மணத்தை வைக்க வேண்டும். எந்தப் பூ எந்த நேரத்தில் எப்படி மணக்கும் என்பது முன்பே மனத்தில் பதிந்திருந்தால்தான் இது முடியும். அத்தையின் அண்ணன் ஒருவர், என் பெரியப்பா, அப்படிக் கட்டுவார். பூவைத் தொட்டு, காம்பின் ஈரத்தைப் பார்த்து, இது ராத்திரி பூசைக்கு ஆகும், இது காலைக்கு ஆகும் என்று பிரித்து வைப்பார். மூக்கைப் பக்கத்தில் கொண்டுபோகாமல் மணத்தை வடிவமைத்தவர் அவர். எனக்குத் தெரிந்த மிக நுட்பமான மாலைக் கலைஞர் என்று அவரையே சொல்வேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் சூடிய மாலை புரட்டாசி பிரம்மோற்சவத்துக்குத் திருப்பதிக்குப் போகிறது; சித்திரைத் திருவிழாவில் கள்ளழகருக்கு எங்கள் மதுரைக்கும் வருகிறது. சூடிக் களைந்த மாலைக்கு இப்படி ஒரு மரியாதை இருப்பதை நான் தொழில்காரியாகவும் நினைத்துப் பார்ப்பதுண்டு. உடம்பில் இருந்த மாலைக்குப் புது மாலைக்கு இல்லாத ஒரு மணம் உண்டு: சூடும், சந்தனமும், கூந்தலும் சேர்ந்த மணம். அணிகிறவரும் சேர்ந்துதான் மாலையை முடிக்கிறார்.

கண்ணுக்காகவே கட்டப்படும் மாலைகளும் உண்டு, அவற்றைக் குறைவாக நினைக்கவில்லை. கன்னியாகுமரி மாவட்டத்துத் தோவாளையில் கட்டும் மாணிக்க மாலையைப் பார்த்திருக்கிறீர்களா? சிவப்பு அரளி, வெள்ளை அரளி, நொச்சி இலை. பூவை மடித்து மடித்து, பட்டையாக, கல் பதித்த ஆபரணம் தோற்றுப்போகிற மாதிரி செய்வார்கள். திருவனந்தபுரம் பத்மநாப சுவாமி கோயிலோடு தொடர்புடைய மாலை அது. அதில் வாசனைப் பூ கிடையாது; நொச்சி இலையின் காரமான பச்சை வாடை மட்டும் உண்டு. மணமில்லாத பூக்களைத் தெரிந்து எடுத்து, முழு வேலையையும் வடிவத்தின் மேல் ஏற்றியிருக்கிறார்கள். அது தேர்ந்து எடுத்த முடிவு. இன்று கல்யாண மாலையில் மணம் காணாமல் போவது அப்படித் தேர்ந்து எடுத்ததல்ல. யாரும் யோசிக்காததால் போகிறது.

கண் மூக்குக்குக் கட்டளையிடும் என்பதற்கு ஆய்வும் இருக்கிறது. பிரான்சின் போர்தோவில் வைன் படிப்பு மாணவர்கள் 54 பேரிடம் வெள்ளை வைனில் மணமில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். சிவப்பு வைனுக்குச் சொல்லும் வாசனைச் சொற்களையே அவர்கள் அதற்கும் சொன்னார்கள். 2001இல் வெளியான ஆய்வு இது. என் கடையில் இதை நானே சோதித்துப் பார்த்திருக்கிறேன். சம்பங்கிப் பூவை நீலச் சாயத் தண்ணீரில் நிறுத்தினால் அது நீலமாகிவிடும். மணம் அதே சம்பங்கி மணம்தான். ஆனால் கையில் வாங்கி முகர்ந்தவர்கள், “என்னக்கா, மருந்து வாடை அடிக்குது?” என்று கேட்டுத் திருப்பித் தருகிறார்கள். கண்ணை மூடச் சொல்லி அதே பூவை நீட்டினால், “ஆ, சம்பங்கி!” என்கிறார்கள். நீலத்தில் சம்பங்கியை முகர எங்கள் மூக்கு பழகவில்லை. நிறம் ஒரு வாக்குறுதி கொடுக்கிறது. மணம் அதைக் காப்பாற்ற வேண்டும். மனோரஞ்சிதத்தைப் பாருங்கள்: பச்சையாக இருக்கும்வரை இலையோடு இலையாக ஒளிந்துகொண்டிருக்கும், மஞ்சளாகும்போதுதான் அந்தப் பழ வாசனையை அவிழ்த்துவிடும். மஞ்சளைக் கண்டவுடன் மூக்கு தயாராகிவிடுகிறது. நிறமும் மணமும் ஒன்றாக நடக்க வேண்டும் என்பதை அந்தச் செடியிடம் கற்கலாம்.

இதனால்தான் சாயம் தோய்த்த பூவையும், மணமில்லாத ஆர்க்கிட்டில் கட்டி மேலே செண்ட் அடித்த மாலையையும் நான் மறுக்கிறேன். செண்ட் ஒரே மட்டத்தில், ஒரே வாசனையாக எல்லா இடத்திலும் நிற்கும். மூக்கு அதைச் சீக்கிரம் மறந்துவிடும், சிலருக்குத் தலைவலி மட்டும் மிஞ்சும். கல்யாணப் படத்தைக் கைபேசியில் காட்டி இதே நிறம் வேண்டும் என்று கேட்பவர்களிடம் நான் கோபப்படுவதில்லை. படம் மணத்தைக் காட்டாது. அவர்கள் பார்த்ததை அவர்கள் கேட்கிறார்கள். ஆனால் அந்த நிறத்தை மணமுள்ள பூவிலேயே தேட முடியும். இளஞ்சிவப்புக்குப் பன்னீர் ரோஜா இருக்கிறது; பிச்சி மொட்டின் வெளிப்பக்கமும் அந்த நிறம்தான். மஞ்சளுக்குச் செண்பகம் இருக்கிறது. பச்சைக்கு மருவும் துளசியும் இருக்கின்றன. கொண்டுவருவதும் காப்பதும் சிரமம், விலையும் கூடும். முகூர்த்த நாளில் மல்லி விலை எங்கே போய் நிற்கும் என்று மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சில காலம் முன்பு நகை வடிவமைப்பு படித்த பெண் ஒருத்தி கடைக்கு வந்தாள். மணக்கிற பதக்கம் செய்ய வேண்டும் என்பது அவள் ஆசை. ஐரோப்பாவில் பழைய காலத்தில் வெள்ளியில் ஆரஞ்சுப் பழ வடிவத்தில், திறந்தால் சுளை சுளையாக அறைகள் விரியும் பதக்கங்களை வாசனைப் பொருள் நிரப்பிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார்கள் என்று படம் காட்டினாள். வாசனைப் பொருள் கெட்ட காற்றை விரட்டி நோயைத் தடுக்கும் என்று அப்போது நம்பினார்களாம். எங்கள் ஊரில் அதற்கு என்ன பூ வைப்பது என்று கேட்டாள்.

மகிழம்பூவைக் கொடுத்தேன். சின்ன, மங்கலான வெள்ளைப் பூ; மரத்தடியில் உதிர்ந்து கிடப்பதைப் பொறுக்கி, நடுவில் இருக்கும் துளையில் நூலை விட்டாலே சரம் ஆகிவிடும். காய்ந்து பழுப்பான பிறகும் அதன் மணம் போகாது. பார்வை முடிந்த பின்னும் வாசனை வாழ்கிற பூ. வெட்டிவேரையும் சொன்னேன்: காய்ந்திருக்கும்போது அமைதியாக இருக்கும், ஈரம் பட்டால் பேசும். கழுத்து வியர்வையே அதற்குப் போதும். அவள் வெள்ளிக் கம்பிவலையில் ஒரு கூடு செய்தாள். கம்பியின் இடைவெளி பெரிதானால் பூத்தூள் சிந்தியது. சிறிதானால் மணம் வெளியே வரவில்லை. முன்பக்கத்தை மூடிய இலை வேலைப்பாடாகவும், உடம்பு படுகிற பின்பக்கத்தைத் திறந்த வலையாகவும் மாற்றும்படி சொன்னேன். பார்க்கிறவருக்கு இலை, அணிகிறவருக்கு மகிழம்பூ. தோல்சூட்டில் வாசனை மேலே எழுந்து கழுத்துக்கும் கூந்தலுக்கும் நடுவில் நிற்கிறது என்று அணிந்து பார்த்துச் சொன்னாள். அத்தை மரிக்கொழுந்தை உட்பக்கம் தள்ளிக் கட்டியதும் இதே கணக்கில்தான். வெள்ளி என்றாலும் நார் என்றாலும், உடம்பு படுகிற பக்கம் மணத்துக்கு.

உங்கள் வீட்டில் கல்யாணம் வருகிறது என்றால் மாலைக்கடைக்குப் படத்தோடு மட்டும் போகாதீர்கள். எத்தனை மணிக்கு மாலை போடுவோம், எவ்வளவு நேரம் கழுத்தில் இருக்கும், மண்டபம் குளிரூட்டியதா, பெண்ணுக்கு எந்த வாசனை ஆகாது என்று சொல்லுங்கள். பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஒருமுறை கடைக்கு அழைத்து வந்து, பூக்களை ஒவ்வொன்றாக முகரச் சொல்லுங்கள். நிறத்தை அதற்குப் பிறகு பேசலாம். கட்டுகிறவர்கள் கேட்காவிட்டால் நீங்களே கேளுங்கள்: இந்த மாலை எப்படி மணக்கும்?